பேருந்துக்குள் யார் விட்ட புகை?

மைசூர் நகரப் பேருந்து நிலையத்திலிருந்து 201ஆம் எண் பேருந்து சாமுண்டி மலைக்குப் போகிறது. பக்தர்களுக்கு அது கோயில் வண்டி. இயற்பியல் படித்தவர் யாராவது ஏறினால் அவர் மனசில் வேறு கணக்கு ஓடும். நகரம் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 770 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மலையின் உச்சி 1,060 மீட்டர். வண்டியும் அதில் நெருக்கி நிற்கும் கூட்டமும் சேர்ந்து 15 டன் என்று வைத்துக்கொள்வோம். அவ்வளவு எடையை 250, 300 மீட்டர் உயரம் தூக்குவதற்கே பத்துப் பன்னிரண்டு யூனிட் ஆற்றல் வேண்டும். ஒரு லிட்டர் டீசலில் சுமார் 10 யூனிட் ஆற்றல் இருந்தாலும், இன்ஜின் அதில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றே கூடுதலாகத்தான் சக்கரத்துக்குக் கொடுக்கும். ஆகவே சும்மா மேலே தூக்குவதற்கு மட்டும் மூன்று லிட்டர் டீசல் எரிந்தாக வேண்டும். சாலையின் உராய்வுக்கும் காற்றின் எதிர்ப்புக்கும் ஆகும் செலவு தனி.

மூன்று லிட்டர் எரிந்ததில் என்ன கிளம்பியது, அதில் எவ்வளவு மலைக்காற்றோடு போனது, எவ்வளவு சன்னலோரம் உட்கார்ந்திருப்பவரின் மூச்சோடு போனது என்பதுதான் இந்தக் கட்டுரையின் கேள்வி. எரிபொருளை மாற்றினால் பேருந்து சுத்தமாகிவிடும் என்று நாம் பொதுவாக நம்புகிறோம். சைலன்சரைப் பொறுத்தவரை அது பெரும்பாலும் உண்மை. பேருந்துக்குள் இருக்கும் காற்றைப் பொறுத்தவரை அது பாதி உண்மை, சில நேரம் பாதிகூட இல்லை.

முதலில் சைலன்சர். டீசல் இன்ஜினில் எரிபொருள் சூடான காற்றுக்குள் பீய்ச்சப்படுகிறது. பீய்ச்சிய துளியின் நடுப்பகுதிக்கு ஆக்சிஜன் போய்ச் சேர்வதற்குள் வெப்பம் அதைச் சிதைத்துவிடும். ஹைட்ரஜன் பிரிந்துபோக, மிஞ்சிய கார்பன் ஒன்றோடொன்று ஒட்டிக் கரித்துகளாகிறது. ஏற்றத்தில் ஓட்டுநர் ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது எரிபொருள் கூடும், காற்று அதற்கு ஈடுகொடுக்காது, கரி கூடும். பழைய லாரிகள் மேட்டில் கறுப்பாகக் கக்குவதற்கு இதுதான் காரணம்.

அப்படியானால் எரிபொருளுக்குள்ளேயே கொஞ்சம் ஆக்சிஜனை வைத்து அனுப்பினால்? மாற்று எரிபொருள்களின் சூட்சுமம் பெரும்பாலும் இதுதான். எண்ணெய் வித்துகளிலிருந்து செய்யும் பயோடீசலின் எடையில் ஏறத்தாழ 11 விழுக்காடு ஆக்சிஜன். எத்தனாலில் 35 விழுக்காடு. சாதாரண டீசலில் ஆக்சிஜன் இல்லவே இல்லை என்று சொல்லலாம்.

கர்நாடகத்துக்கு இந்த விஷயத்தில் ஒரு தனிக்கதை உண்டு. அங்கே ஹொங்கே என்பார்கள். நாம் நிழலுக்காகத் தெருவோரம் நட்டு வைத்திருக்கும் அதே புங்க மரம். கிராமத்தில் விளக்கெரிக்கப் பயன்பட்டுவந்த அதன் எண்ணெயில் டீசல் ஜெனரேட்டர்களை ஓட்டிக் காட்டியவர், பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் பேராசிரியர் உடுப்பி ஸ்ரீனிவாசா. இது விந்தையும் இல்லை. 1900ஆம் ஆண்டு பாரிஸ் உலகக் கண்காட்சியிலேயே ஒரு டீசல் இன்ஜின் கடலை எண்ணெயில் ஓடியிருக்கிறது. 2009இல் கர்நாடக அரசு உயிரி எரிபொருளுக்கென்று ஒரு கொள்கையை வகுத்தது. மைசூருக்கு வடக்கே, ஹாசன் பக்கத்து மடேனூரில் வேளாண் பல்கலைக்கழகம் ஓர் உயிரி எரிபொருள் பூங்காவை நடத்துகிறது. புங்கன், வேம்பு, இலுப்பை எல்லாம் அங்கே பயிர். மைசூர் நகரப் பேருந்துகளையும் ஓட்டும் கர்நாடக அரசுப் போக்குவரத்துக் கழகம், 7.7 விழுக்காடு எத்தனால் கலந்த டீசலையும் பயோடீசல் கலந்த டீசலையும் தன் வண்டிகளில் பயன்படுத்திய கழகம். புகை குறைகிறது என்பதும் அதற்கு ஒரு காரணம்.

குறையத்தான் செய்கிறது. ஆனால் எவ்வளவு? அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2002இல் பல சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தது. ஐந்தில் ஒரு பங்கு பயோடீசல் கலந்தால் சைலன்சர் வழியே வரும் துகள்களின் எடை பத்து விழுக்காடு அளவுக்குக் குறைகிறது. கார்பன் மோனாக்சைடும் ஏறக்குறைய அதே அளவு குறைகிறது. நைட்ரஜன் ஆக்சைடுகள் மட்டும் இரண்டு விழுக்காடு கூடுகின்றன. முழுக்க முழுக்கப் பயோடீசலில் ஓட்டினால் துகளின் எடை ஏறத்தாழ பாதியாகிறது. பாராட்டவேண்டிய முன்னேற்றம்தான். ஆனால் இவையெல்லாம் சைலன்சரின் வாயில் அளந்த எண்கள். பயணி மூக்கை வைத்திருப்பது அங்கே இல்லை.

பயணியின் மூக்கருகே அளந்து பார்க்கலாம் என்று கிளம்பிய ஊர்களில் ஒன்று அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்து டொலீடோ. அங்குள்ள பல்கலைக்கழகத்தில் அசோக் குமாரும் அவருடைய மாணவர் அகில் கடியாலாவும், நகரப் பேருந்துகளின் உள்ளே கருவிகளைப் பொருத்தி மாதக்கணக்கில் துகள்களை அளந்தார்கள். 20 விழுக்காடு பயோடீசலில் ஓடும் வண்டியும் இருந்தது, கந்தகம் குறைந்த டீசலில் ஓடும் வண்டியும் இருந்தது. பருவம், ஈரப்பதம், வெளிக்காற்றின் நிலை, ஏறியிறங்கும் பயணிகள், முன்னால் போகும் வண்டி என எதையும் விடாமல் கணக்கில் சேர்த்தார்கள். வண்டிக்குள் இருக்கும் துகளின் அளவைத் தீர்மானிப்பதில் ஊரின் வெளிக்காற்றும் வானிலையும் முன்வரிசையில் வந்து நின்றன. டாங்கில் என்ன ஊற்றினார்கள் என்பது, உள்ளே இருப்பவருக்குப் பல கேள்விகளுள் ஒரு கேள்விதான் என்று ஆனது.

இது ஏன் என்று புரிய, துகள்களைக் கொஞ்சம் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். துகள் என்று ஒரே பெயரில் அழைத்தாலும் அவற்றின் உருவ வேறுபாடு பிரம்மாண்டமானது. பத்து மைக்ரான் வரை உள்ளவை பிஎம் 10. இரண்டரை மைக்ரானுக்குள் அடங்குபவை பிஎம் 2.5. ஒரு மைக்ரானில் பத்தில் ஒரு பங்கைவிடச் சிறியவற்றை மீநுண் துகள் என்போம். அசையாத காற்றில் பத்து மைக்ரான் துகள் ஒரு மீட்டர் கீழே இறங்க ஐந்தாறு நிமிடம் போதும். 0.1 மைக்ரான் துகளுக்கு அதே ஒரு மீட்டர் இறங்கப் பதின்மூன்று நாள் ஆகும். அதாவது அது இறங்குவதே இல்லை. காற்று மூலக்கூறுகள் இடிக்க இடிக்க, திசை தெரியாமல் அலைந்துகொண்டே இருக்கும். பெரிய துகளை மூக்கும் தொண்டையும் பிடித்துவிடும். இரண்டரை மைக்ரானுக்குள் இருப்பது நுரையீரலின் கடைசிக் காற்றறை வரை போகும். மீநுண் துகளில் ஒரு பகுதி அங்கிருந்து இரத்தத்துக்குள்ளும் கலந்துவிடும்.

இன்னொரு கணக்கு இதைவிட முக்கியம். ஒரு பத்து மைக்ரான் துகளின் எடைக்கு ஈடாக 0.1 மைக்ரான் துகள்கள் பத்து லட்சம் தேவை. விட்டம் நூறு மடங்கு என்றால் கனஅளவு நூறின் மும்மடி அல்லவா? அரசாங்கங்கள் காற்றை எடையால் நிறுக்கின்றன: ஒரு கனமீட்டர் காற்றில் இத்தனை மைக்ரோகிராம் என்று. இந்தியாவில் பிஎம் 2.5க்கு 24 மணி நேர வரம்பு 60, ஆண்டுச் சராசரி வரம்பு 40. உலக சுகாதார நிறுவனம் 2021இல் தன் ஆண்டு அளவை 5 என்று குறைத்துவிட்டது. எடையால் நிறுக்கும் தராசில் ஒரு சிட்டிகைத் தெருமண், கோடிக்கணக்கான கரித்துகளை ஒரு ஓரமாக ஒதுக்கிவிடும்.

டெல்லி இதற்கு நல்ல சாட்சி. வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1998 ஜூலையில் போட்ட உத்தரவால் அந்நகரின் பேருந்துகளும் ஆட்டோக்களும் சிஎன்ஜிக்கு மாறின. 2002 முடிவதற்குள் டீசல் நகரப் பேருந்துகள் விடைபெற்றன. உலகில் இவ்வளவு பெரிய எரிபொருள் மாற்றம் அதற்கு முன் எந்த நகரிலும் நடந்ததில்லை என்று பெருமையாகச் சொன்னார்கள், சொல்லவும் தகும். எட்டாண்டுகள் கழித்து, 2010இல், ஜோஷுவா ஆப்டே என்ற ஆய்வாளரும் கூட்டாளிகளும் டெல்லி ஆட்டோக்களில் கருவியோடு பயணம் செய்தார்கள். ஆட்டோவுக்குள் பிஎம் 2.5 சராசரி 190 மைக்ரோகிராம். நகரத்தின் பொதுக்காற்றைப்போல் ஒன்றரை மடங்கு. கரித்துகள் மூன்றரை மடங்குக்கு மேல். மீநுண் துகளின் எண்ணிக்கையோ எட்டு மடங்கைத் தாண்டியது. ஒரு கன சென்டிமீட்டருக்கு, அதாவது ஒரு சர்க்கரைக் கட்டி அளவு காற்றில், 2,80,000 துகள்கள்.

ஆட்டோ ஓடியது சிஎன்ஜியில். உள்ளே நிறைந்தது சாலையின் காற்று. முன்னால் போகும் டீசல் லாரி, பக்கத்தில் உறுமும் ஜீப், கடந்துபோகும் பைக்குகள் எல்லாம் கக்குவதை, தன் பங்குக்கு அதிகம் கக்காத ஆட்டோவில் உட்கார்ந்திருப்பவர் குடித்தார். எடைக் கணக்கை மட்டும் பார்த்தால் ஒன்றரை மடங்கு என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம். எண்ணிப் பார்த்தால்தான் எட்டு மடங்கு தெரிகிறது. சிஎன்ஜியைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். அதில் கரி வராது என்பது ஏறக்குறைய சரி. ஆனால் இன்ஜினின் மசகெண்ணெய் கொஞ்சம் எரிந்து, கண்ணுக்கே தெரியாத மீநுண் துகள்களாக வெளியேறும். பார்த்தால் புகையே இல்லை. எண்ணும் கருவியை நீட்டினால் அது வேறு சொல்லும்.

சாலையின் காற்று இப்படி வருகிறது என்றால், பேருந்து தான் விட்ட புகையையே திரும்ப இழுத்துக்கொள்ளும் விந்தையும் உண்டு. ஓடும் பேருந்து காற்றைக் கிழித்துக்கொண்டு போகிறது. அதன் முதுகுப்பக்கம் அழுத்தம் குறைந்த ஒரு சுழல் உருவாகிறது. பின்பக்கச் சைலன்சர் விடும் புகை அந்தச் சுழலில் மாட்டி, பின் சன்னல்கள் வழியாகவும் கதவிடுக்குகள் வழியாகவும் உள்ளே ஏறும். லாஸ் ஏஞ்சலஸ் பள்ளிப் பேருந்துகளில் கலிபோர்னிய ஆய்வாளர்கள் இதை அழகாகப் பிடித்தார்கள். இயற்கையில் காற்றில் ஏறக்குறைய இல்லவே இல்லாத சல்ஃபர் ஹெக்ஸாஃபுளோரைடு என்ற வாயுவை வண்டியின் புகையோடு கலந்துவிட்டார்கள். பிறகு உள்ளே அந்த வாயு எவ்வளவு வந்தது என்று அளந்தார்கள். எவ்வளவு வந்ததோ அவ்வளவு சொந்தப் புகை. பழைய பேருந்தில், சன்னல்களை மூடி வைத்தபோது, உள்ளே இருந்த காற்றில் ஆயிரத்தில் மூன்று பங்கு வரை அதே வண்டியின் புகை. ஆயிரத்தில் மூன்றுதானே என்று தோன்றும். நீர்க்காமல் வரும் டீசல் புகையில் அது மிக அதிகம். இந்த அளவீடுகளை வைத்துக்கொண்டு ஜூலியன் மார்ஷலும் எட்வர்டோ பெரென்ட்ஸும் 2005இல் ஒரு கணக்குப் போட்டார்கள். ஒரு பள்ளிப் பேருந்து விடும் புகையில், உள்ளே உட்கார்ந்த நாற்பது சொச்சம் பிள்ளைகள் சுவாசிக்கும் மொத்த அளவு, அந்தப் பெருநகர மக்கள் அத்தனை பேரும் சேர்ந்து சுவாசிக்கும் அளவுக்குச் சமமாகவோ பல நேரம் அதைவிடக் கூடுதலாகவோ இருந்தது.

ஆகவே எரிபொருள் முக்கியமில்லை என்று யாரும் இதைப் படித்துவிடக் கூடாது. சொந்தப் புகைதான் பிரச்சினை என்னும் இடத்தில் எரிபொருளும் வடிகட்டியும் நேராக வேலை செய்யும். 2020 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து இந்தியாவில் வாகனப் புகைக்கான பிஎஸ் 6 விதி வந்தது. டீசலில் கந்தகம் பத்து லட்சத்தில் 50 பங்கிலிருந்து 10 பங்காகக் குறைந்தது. பெரிய டீசல் வண்டிகளுக்கு, எடையோடு துகளின் எண்ணிக்கைக்கும் உச்சவரம்பு வந்தது. அந்த வரம்பைத் தாண்டாமலிருக்க, புகைப்பாதையில் பீங்கான் வடிகட்டி பொருத்த வேண்டியதாயிற்று. நன்றாக வேலை செய்யும் வடிகட்டி நூற்றில் தொண்ணூற்றொன்பது துகளை நிறுத்திவிடும். என்னைக் கேட்டால், பழைய வண்டியில் புங்க எண்ணெய் கலந்து ஓட்டுவதைவிட, அந்த வண்டிக்கு ஓய்வு கொடுத்து அனுப்பிவிட்டு வடிகட்டி வைத்த புது வண்டி வாங்குவது பயணியின் நுரையீரலுக்கு அதிக நன்மை. பயோடீசலுக்கு விவசாயி சார்ந்த, அந்நியச் செலாவணி சார்ந்த வேறு நியாயங்கள் நிறைய உண்டு. அவற்றை அந்தப் பெயரிலேயே வாதாடலாம்.

இனி மலையிலிருந்து இறங்குவோம். ஏறும்போது சேர்த்த பத்துப் பன்னிரண்டு யூனிட் ஆற்றலும் கீழே வருவதற்குள் எங்காவது போயாக வேண்டும். கொஞ்சம் காற்றெதிர்ப்பில் போகும், கொஞ்சத்தை இன்ஜின் தாங்கும், மீதி பிரேக்கில். சத்தியமங்கலத்திலிருந்து மைசூருக்குப் போயிருக்கிறவர்களுக்குத் திம்பத்தின் 27 கொண்டை ஊசி வளைவுகளில் எதிரே இறங்கிவரும் லாரிகளின் வாசனை ஞாபகம் இருக்கும். கருகல் நாற்றம். அது பிரேக் லைனிங் தேய்ந்து, சூடேறி, ஆவியாகிக் காற்றில் கலக்கும் நாற்றம். அதில் இரும்பு, செம்பு, பேரியம், ஆன்டிமனி எல்லாம் உண்டு. எந்த எரிபொருளை ஊற்றினாலும் இந்தத் தூள் வரும். புகை விதிகள் இறுக இறுக, மேலை நகரங்களில் போக்குவரத்தால் கிளம்பும் பிஎம் 10இல் ஏறக்குறைய பாதி சைலன்சர் வழியே வருவதில்லை என்ற நிலை வந்துவிட்டது: பிரேக், டயர், சாலைப் புழுதி.

இந்த இடத்தில்தான் மின்பேருந்து உண்மையிலேயே வித்தியாசப்படுகிறது. இறங்கும்போது அதன் மோட்டார் ஜெனரேட்டராகி, வேகத்தை உறிஞ்சி பாட்டரிக்கு அனுப்பிவிடுகிறது. பிரேக் லைனிங்குக்கு வேலை குறைவு, தூளும் குறைவு. சாமுண்டி மலை போன்ற தடத்துக்கு மின்பேருந்தைவிடப் பொருத்தமான வண்டி இல்லை என்பேன். ஏறுவதற்குச் செலவழித்ததில் ஒரு பகுதியைத் திரும்பப் பெற்றுக்கொண்டு இறங்கலாம். மைசூர் மன்னராட்சிக் காலத்திலேயே, 1902இல், சிவனசமுத்திரத்தில் காவிரித் தண்ணீரில் மின்சாரம் எடுத்து கோலார் தங்கவயலுக்கு அனுப்பிய சீமை இது. 2023 ஜனவரியில் பெங்களூர்–மைசூர் தடத்தில் அரசு மின்பேருந்து ஓடத் தொடங்கியது. அதே ஆண்டு ஒன்றிய அரசு அறிவித்த பிரதமர் இ-பஸ் சேவா திட்டத்தில் மைசூர் நகருக்கு 100 மின்பேருந்துகள் ஒதுக்கப்பட்டன.

ஆனால் பாட்டரி கனமானது. கனம் புழுதியைக் கிளப்பும். அமெரிக்கர்கள் தார்ச்சாலைப் புழுதிக்கு ஒரு சூத்திரம் வைத்திருக்கிறார்கள். அதில் இரண்டே இரண்டு பொருள்கள்தான் முக்கியம்: சாலையில் ஒரு சதுர மீட்டருக்கு எவ்வளவு மெல்லிய மண் படிந்திருக்கிறது, ஓடும் வண்டிகளின் சராசரி எடை என்ன. இரண்டில் எது இரட்டித்தாலும் புழுதியும் கிட்டத்தட்ட இரட்டிக்கும். மின்வண்டிகள் பற்றி 2020இல் பொருளாதாரக் கூட்டுறவு அமைப்பான ஓஇசிடி வெளியிட்ட அறிக்கையும் இதையே எச்சரித்தது: எடை குறைந்த மின்வண்டி சைலன்சர் சாராத தூளைக் குறைக்கும், பெரிய பாட்டரி சுமக்கும் கனத்த வண்டியோ பிஎம் 2.5ஐச் சற்றே கூட்டவும் கூடும்.

அந்தச் சூத்திரத்தைப் பார்த்தவுடன் எனக்கு மைசூரின் துப்புரவுப் பணியாளர்கள்தான் நினைவுக்கு வந்தார்கள். பேருந்தின் எடையை நம்மால் பாதியாக்க முடியாது. சாலை மண்ணைப் பாதியாக்க முடியும். நாட்டிலேயே தூய்மையான நகரம் என்று 2015, 2016 தரவரிசைகளில் மைசூர் முதலிடம் பிடித்ததற்குக் காரணமானவர்கள் அவர்கள். அது குப்பைக்காகக் கிடைத்த பெயர். காலையில் வண்டிகள் கிளம்புவதற்கு முன்பே சாலையோர மண்ணை வாரி எடுத்துவிட்டால், அது அன்று முழுக்க ஓடும் ஒவ்வொரு பேருந்தின் உள்காற்றையும் தொடும் வேலை. வாராமல் ஓரத்தில் குவித்து வைத்தால் முதல் வண்டியே அதை மறுபடி பரப்பிவிடும். அப்போது கிளம்பும் புழுதியைத் தடுக்கப் பெருக்குகிறவருக்கு ஒரு நல்ல முகக்கவசம் கொடுக்காமல் இதைப் பேசுவது அநியாயம் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

ஏசி பேருந்து வந்தால் இந்தத் தொல்லையெல்லாம் தீராதா? சன்னல் மூடியிருக்கும், உண்மை. ஆனால் ஏசி என்பது காற்றைக் குளிர்விக்கும் கருவி. சுத்தம் செய்வது அதிலுள்ள வடிகட்டியின் வேலை. பல வண்டிகளில் இருக்கும் கம்பளி போன்ற வலை, தலைமுடியையும் நூலையும் பிடிக்கும். கரித்துகள் அதன் வழியே ராஜநடை போடும். 0.3 மைக்ரான் அருகே உள்ள துகளைப் பிடிப்பதுதான் எந்த வடிகட்டிக்கும் கடினம். அதைவிடப் பெரியது நேரே போய் இழையில் மோதும், அதைவிடச் சிறியது அலைபாய்ந்து ஒட்டிக்கொள்ளும், நடுவில் இருப்பது நழுவிவிடும். தவிர, நகரப் பேருந்தின் கதவு நிறுத்தத்துக்கு நிறுத்தம் திறக்கிறது. ஒவ்வொரு தடவையும் தெருக்காற்று உள்ளே வந்து, சன்னல் மூடியிருப்பதால் வெளியேற வழியில்லாமல் தங்கிவிடும். திறந்த சன்னல் பேருந்தில் துகள் வருவதும் விரைவு, போவதும் விரைவு. நிற்கும்போதுதான் அங்கே ஆபத்து அதிகம். நகரப் பேருந்து நிலையத்தில் வண்டிகள் வரிசையாக நின்று, இன்ஜினை அணைக்காமல் உறுமிக்கொண்டிருந்தால், முன்வண்டியின் சைலன்சர் பின்வண்டிப் பயணிகளின் மூக்குக்கு நேரே இருக்கும். இன்ஜினை அணைப்பதற்கு எந்த மாற்று எரிபொருளும் தேவையில்லை.

இவ்வளவு நேரம் பயணி, பயணி என்றே பேசிவிட்டோம். கணக்கைக் கொஞ்சம் மாற்றிப் போடுவோம். பேருந்துக்குள் பிஎம் 2.5 ஒரு கனமீட்டருக்கு 100 மைக்ரோகிராம் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். உட்கார்ந்திருப்பவர் மணிக்கு 0.6 கனமீட்டர் காற்றை இழுப்பார். அரைமணிப் பயணத்தில் அவருக்குள் சேர்வது 30 மைக்ரோகிராம். கண்டக்டர் உட்காருவதில்லை. நெரிசலில் முன்னும் பின்னும் நடக்கிறார், கத்துகிறார், மணிக்கு ஒரு கனமீட்டர் காற்றாவது இழுப்பார். எட்டு மணி நேர வேலையில் 800 மைக்ரோகிராம். பயணியைப்போல் ஏறத்தாழ இருபத்தேழு மடங்கு, அதுவும் வருஷம் பூராவும். 2023 ஜூன் 11 முதல் கர்நாடகத்தில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் தரும் சக்தி திட்டம் நடப்பில் இருக்கிறது. பைக்கிலும் ஆட்டோவிலும் போயிருக்கக்கூடிய பலரைப் பேருந்து ஏற்றிக்கொள்வதால் சாலையின் மொத்தப் புகைக்கு அது நல்லது. கண்டக்டருக்கோ பூஜ்யக் கட்டணச் சீட்டும் கிழித்துக் கொடுக்க வேண்டும், கூட்டமும் கூடியிருக்கிறது. டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012 ஜூனில் திட்டவட்டமாக அறிவித்தது. அந்த முடிவுக்கு அடிப்படையான சான்றுகளில் பல, டீசல் இன்ஜின்களுக்கு அருகில் வேலை செய்த தொழிலாளர்களிடமிருந்து கிடைத்தவை.

வேலையிடத்துத் தூசியை வேலைசெய்பவரின் நுரையீரலோடு சேர்த்துப் பார்ப்பது மைசூர்ச் சீமைக்குப் புதிதல்ல. கோலார் தங்கவயலில் 1940களில் சுரங்கத் தொழிலாளர்களைப் பரிசோதித்தார்கள். ஐந்தில் இருவருக்கும் மேல் கல்தூசி நுரையீரல் நோய் இருந்தது. அந்தத் தொழிலாளர்களில் பெரும்பாலோர் வட ஆர்க்காட்டுப் பக்கமிருந்து போன தமிழர்கள். பரிசோதித்துப் பார்த்த பிறகுதான் அந்த நோய் கணக்கில் வந்தது. அதுவரை அது இருமல்தான். பேருந்தைச் சுரங்கத்தோடு ஒப்பிடுவது மிகை என்று எனக்கும் தெரியும். அளக்க வேண்டும் என்ற நியாயம் மட்டும் ஒன்றே.

மைசூரில் அளவீடு இல்லாமலில்லை. ஹெப்பாளில் கர்நாடக மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் தொடர் அளவீட்டு நிலையம் இருக்கிறது. ஒரு நிலையம் ஒரு பேட்டையின் பொதுக்காற்றைச் சொல்லும். பேருந்தின் நடுப்பாதையில் நிற்பவரின் காற்றைச் சொல்லாது. டெல்லியில் கண்ட எட்டு மடங்கு வித்தியாசமும் இப்படித்தான் நகர நிலையங்களுக்குத் தெரியாமல் இருந்தது. 2019இல் தொடங்கிய தேசியத் தூய காற்றுத் திட்டத்தில் கர்நாடகத்தின் பெங்களூர், தாவணகெரே, ஹூப்ளி–தார்வாட், கலபுரகி ஆகிய நான்கு நகரங்கள் இருக்கின்றன. மைசூர் இல்லை, காரணம் அதன் காற்று அவற்றைவிட மேல். நல்ல சேதிதான். நல்ல காற்றுள்ள ஊரில், பேருந்துக்குள் இருக்கும் காற்றைக் கவனிக்க யாருக்கும் கட்டாயம் இல்லாமல் போய்விடுகிறது என்பது அதன் மறுபக்கம்.

மைசூர்ப் பேருந்துகளுக்கு அளக்கும் மரபும் உண்டு. 2012இலேயே, பேருந்து எங்கே வருகிறது என்று செயற்கைக்கோள் வழியே கண்டறிந்து நிறுத்தங்களில் பலகையில் காட்டும் மித்ரா ஏற்பாட்டை இந்நகரில் கொண்டுவந்தார்கள். நாட்டிலேயே முன்னோடி முயற்சி. இடத்தை அனுப்பும் அதே பெட்டியோடு, லேசர் ஒளிச்சிதறலால் துகளை அளக்கும் ஒரு சிறு உணரியைச் சேர்ப்பது பெரிய காரியமில்லை. அதற்குச் சில குறைகள் உண்டு: 0.3 மைக்ரானுக்குக் கீழே அதற்குக் கண் தெரியாது, மழைக்காலத்தில் ஈரத்தால் ஊதிய துகளைக் கனமாகக் காட்டும். ஆகவே ஹெப்பாள் நிலையத்தின் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுத் திருத்திக்கொள்ள வேண்டும். மீநுண் துகளை எண்ண வேண்டுமானால் பல்கலைக்கழக ஆய்வுக்கூடம் எதிலாவது உள்ள விலையுயர்ந்த கருவியைச் சில நாள் இரவல் வாங்க வேண்டியிருக்கும். பத்து வண்டிகள் போதும்: கொஞ்சம் பழைய டீசல், கொஞ்சம் பிஎஸ் 6, கொஞ்சம் மின்சாரம், சில சமதளத்தில், சில மலையில்.

மின்பேருந்து ஒப்பந்தங்களில் பாட்டரி எத்தனை கிலோமீட்டர் ஓட வேண்டும், நின்றுபோனால் எவ்வளவு அபராதம் என்றெல்லாம் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். சென்னையில் 2025 ஜூன் 30 அன்று வியாசர்பாடிப் பணிமனையிலிருந்து 120 தாழ்தள மின்பேருந்துகள் கிளம்பின. மேலும் பல நூறு அப்போது திட்டத்தில் இருந்தன. மைசூரோ சென்னையோ, அடுத்த ஒப்பந்தத்தில் இரண்டு வரி சேர்த்துக்கொள்ளுங்கள் என்று போக்குவரத்துக் கழகங்களைக் கேட்டுக்கொள்கிறேன்: வண்டிக்குள் வரும் காற்றுக்கு எந்தத் தர வடிகட்டி, அதை எத்தனை நாளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்று ஒரு வரி, கண்டக்டர் நிற்கும் இடத்தில் அளந்த துகள் அளவை மாதந்தோறும் பணிமனை வாசலில் எழுதிப் போட வேண்டும் என்று இன்னொரு வரி.